ஆறுதலா இரும்

என் அக்கா புருஷன் அடிக்கப் போகிறார் என்றால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கழுத்தில் கிடக்கிற உத்தரியத்தைக் கழற்றுவார். மாதா படம் தைத்த அந்தப் பழுப்புத் துணித்துண்டை உதட்டில் ஒற்றிக்கொள்வார். கதவோரம் அதற்கென்றே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். அதில் மாட்டுவார். மாதாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மனுசரை அடிக்கக் கூடாதாம். அவ்வளவு பக்தி. மாட்டி முடித்துவிட்டுத் திரும்புவார். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேறு ஆளாக இருப்பார்.

அந்த மனுசனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. 'அவன்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அக்கா இருந்த காலம் வரைக்கும், அவரை யாராவது மரியாதை இல்லாமல் பேசினால் எழுந்து போய்விடுவாள். அவளுக்காக 'அவர்' என்றே எழுதித் தொலைக்கிறேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். அது என் பிடிவாதம்.

அவர் கண்டிக்கும் பிலிமத்தலாவைக்கும் பஸ் ஓட்டினார். அந்தக் காலத்து பஸ் ஓட்டம் என்றால் சண்டியர் வேலைதான். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு முதலாளி. நேரம், சட்டம், வரிசை எதுவும் கிடையாது. எந்த பஸ் முந்துகிறதோ அதற்குத்தான் ஆட்கள். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் நன்றாகத் தெரியும் என்று முதலாளிக்கு ஒரே பெருமை.

நாங்கள் கண்டியில் மஹய்யாவயில் இருந்தோம். மேட்டு லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். தண்ணீர்ப் பைப் கீழே ரோட்டோரம். பைப்படியில் இருந்து எங்கள் வாசலுக்கு எண்பத்திரண்டு கல்படி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தேன். கல்யாணம் கட்டவில்லை. அக்கா வாழ்ந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னொருத்தன் கையில் கழுத்தை நீட்ட எனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை கிடைத்தது. நோயாளிகளைத் துடைப்பது, புரட்டுவது, மலச்சட்டி எடுப்பது. கான்வென்டில் கொஞ்சம் படித்திருந்ததால் சீட்டு வாசிக்கவும் தெரியும்.

அக்கா புருஷன் நல்ல உயரம். கழுத்து தடித்துச் சிவந்திருக்கும். கோபம் ஏறினால் இடது நெற்றியில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு துடிக்கும். அடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் மூக்கில் இருந்து இரத்தம் கொட்டும். சும்மா ஒரு துளி, இரண்டு துளி இல்லை. சட்டை நனையும். உடனே கதிரையில் சாய்ந்து தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொள்வார். அக்காதான் ஈரத்துணி நனைத்து மூக்கில் வைத்துப் பிடிப்பாள். அடி வாங்கியவளே அடித்தவனுக்கு வைத்தியம் பார்க்கிற கூத்து எங்கள் வீட்டில்தான் நடந்தது. அவள் உதடு கிழிந்து அதிலும் இரத்தம் வரும். அதை அவள் முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

லயத்தில் எல்லோரும் அதை உடம்புச் சூடு என்றார்கள். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகச் சொன்னார்கள். எல்லாம் செய்தார். முழுகிவிட்டு வந்து, சோறு குழைந்துவிட்டது என்று சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சூடாம் சூடு. திமிர் என்று ஒரு வார்த்தை தமிழில் இல்லையா என்று நான் கேட்டேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

குடிக்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சொட்டு தொட்டதில்லை. எங்கள் லயத்தில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆண்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் பெண்டாட்டிகளுக்கு, சாராயம்தான் அடிக்கிறது, மனுசன் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அக்காவுக்கு அதுவும் கிடையாது.

பேராதனைப் பாலத்தில் நடந்ததை ஆஸ்பத்திரியில் வைத்து நானே பார்த்தேன், முடிவை மட்டும். கம்பளைப் பக்கம் போகிற, இன்னொரு முதலாளியின் பஸ் ஒன்று இவர் பஸ்ஸை முந்திப் போய்ப் பாலத்தடியில் நின்றிருந்த ஆட்களை எல்லாம் ஏற்றிவிட்டது. இவர் தன் பஸ்ஸைக் குறுக்கே போட்டு மறித்தார். இறங்கினார். உத்தரியத்தைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டினார். பஸ்ஸை முறுக்கி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்பு ஹேண்டிலைக் கையில் எடுத்தார். அந்த டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டுத் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, தாடையில் ஒன்று. மூன்றாவது அடியில் எலும்பு உடைந்த சத்தம் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டதாம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த மனுசனின் லட்சணம். அவனைத் தூக்கித் தன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் போட்டு, ஏறியிருந்த சனங்களையும் இறக்காமல், ஒரே மிதியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கைத்தாங்கலாக இருவரும் உள்ளே வந்தபோது யாருக்கு அடி என்று எனக்கே தெரியவில்லை. அவன் வாயில் இரத்தம், இவர் மூக்கில் இரத்தம். பஞ்சு கேட்டார். நான் அடிபட்டவனுக்கு முதலில் வைத்தேன். இவருக்குக் கொடுக்கவே இல்லை. தன் சட்டை நுனியைச் சுருட்டி மூக்கில் அடைத்துக்கொண்டு, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படி அடித்தீர்கள் என்று வந்த பொலிஸ் ராளஹாமி கேட்டதற்கு, மூன்று தரம் ஹோர்ன் அடித்தேன், பதில் ஹோர்ன் அடிக்கவில்லை என்றார்.

பதில். அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய முழு வியாதியும் இருந்தது. அவரைத் திட்டலாம், எதிர்த்து அடிக்கலாம், காறித் துப்பலாம், அதெல்லாம் தாங்குவார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் போச்சு. நான் வாய்க்கு வாய் பேசுகிறவள். என்னை ஒரு நாளும் அவர் தொட்டதில்லை. அக்கா பேச மாட்டாள். அம்மா வயிற்றில் இருந்து வரும்போதே வாயை அங்கே வைத்துவிட்டு வந்தவள். சந்தோஷம் என்றாலும் பேச மாட்டாள், துக்கம் என்றாலும் பேச மாட்டாள். திட்டினால் இன்னும் கொஞ்சம் மௌனமாகிவிடுவாள். எந்தப் புண்ணியவான் இந்த இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தானோ.

அவர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் அப்பாவைக் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்தானாம். என்னடா பதில் சொல்லு என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். அப்பா குனிந்த தலை நிமிரவில்லையாம். இதை அக்கா ஒரு தரம் எனக்குச் சொன்னாள், நான் இரக்கப்பட வேண்டும் என்று. எனக்கு இரக்கம் வரவில்லை. கணக்கப்பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதை என் அக்கா எதற்கு வாங்க வேண்டும்?

நாள் போகப் போக அக்காவுக்கு வயிறு கெட்டது. சாப்பிட்டால் எரியும். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. வாந்தியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும், வார்டில் தினமும் பார்க்கிறவள். இழுத்துக்கொண்டு போய் எங்கள் டாக்டரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்து மனுசன். நல்ல கை, கொஞ்சம் கடுகடுப்பு. வயிற்றில் புண் என்றார். இடது பக்கம் நின்றுகொண்டு இரண்டு மூன்று கேள்வி கேட்டார். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வலது பக்கம் வந்து கேட்டார், உடனே திரும்பினாள். அவர் லைட்டை எடுத்து இடது காதுக்குள் பார்த்தார்.

காதுச் சவ்வு கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து கிடக்கிறது என்றார். விழுந்துவிட்டேன் என்றாள் அக்கா.

"ஒரு காதிலயே எத்தினை தரம் விழுந்தனீர்?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்து அந்தக் காதை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையில் ஜெபமாலையை வைத்து, இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். காது கேட்காமல் எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருஷம் இருக்கும் என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இரண்டு வருஷமாகத்தான் அடி கூடியிருந்தது. பதில் சொல்லவில்லை என்று அடித்தார், அந்த அடியில் காது போனது. காது போனதால் அவர் கேட்பது கேட்கவில்லை. கேட்காததால் பதில் இல்லை. பதில் இல்லாததால் மறுபடி அடி. அதே காதில். கடவுளே என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தியத்தை ஒரு மாதம் காப்பாற்றினேன். ஒரு நாள் பகல் வேலை முடிந்து வருகிறேன், அவர் அக்காவின் இடது பக்கம் நின்று அலுமாரிச் சாவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா குந்தி உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். மூன்றாம் தரம் கேட்டார். சுளகு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் கை கழுத்துக்குப் போனது. உத்தரியம் ஆணிக்குப் போனது.

"மச்சான், அந்தக் காது அவளுக்குக் கேக்காது," என்றேன். "நீங்க அடிச்ச அடியில போனது. ரெண்டு வருசமாச் செவிடு."

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. குனிந்து அக்காவின் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுளகு நிற்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு சுற்றி வந்து வலது பக்கம் மெல்லக் கூப்பிட்டார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்து, என்னாங்க என்றாள்.

அவர் நின்ற இடத்திலேயே மூக்கில் இரத்தம் ஒழுகத் தொடங்கியது. இந்தத் தரம் அடிக்கவே இல்லை, ஆனாலும் கொட்டியது. துணி வைத்தும் நிற்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. புடைத்து வைத்த அரிசியின் மேலேயே விழுந்தார். லயத்து ஆட்கள் நாலு பேர் தூக்க, படியிறங்கினோம்.

பெரிய மலேரியாக் காய்ச்சல் அடித்த வருஷம் அது. கட்டிலுக்குக் கீழே, நடையில், வாசலில் எல்லாம் நோயாளிகள். டாக்டர் தூங்கி எத்தனை நாளோ. கையில் பட்டி கட்டிக் காற்றடித்து இரசம் ஏறுகிறதைப் பார்க்கிற கருவியை வைத்தார், பார்த்தார், கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். இரத்த அழுத்தம் குறையக் கை நரம்பில் இருந்து இரத்தம் இறக்கினார்கள். மூன்றாம் நாள் வாய் நேரானது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் ஒரு காலை இந்தக் கட்டிலிலும் ஒரு காலை அடுத்த கட்டிலிலும் வைத்த மாதிரி நின்றுகொண்டு சொன்ன புத்திமதி இவ்வளவுதான்:

"மருந்தெண்டு பெரிசா ஒண்டும் இல்லை. பஸ்ஸைத் தொடப்படாது. வீட்டில ஆறுதலா இரும். ஆறுதலா இருந்தீர் எண்டா இன்னும் கனகாலம் இருப்பீர். இல்லாட்டி இந்த நரம்பு ஒரு நாளைக்கு வெடிக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கதிரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நான் வேலைக்குப் புறப்படும்போது கூப்பிட்டார். அந்த ஆள் என்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"ஏ புள்ள, டாக்டரு ஆறுதலா இருக்கச் சொன்னாரே. யாருக்கு, அவளுக்கா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ஆறுதலா என்றால் மெல்ல, அவசரம் இல்லாமல், ஓய்வாக என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் ஏமாந்திருக்கிறேன். கட்டிலைத் துடைத்துவிட்டு ஆறுதலா வா என்று யாழ்ப்பாணத்து நர்ஸ் சொன்னாள். யாரோ செத்துவிட்டார்கள், ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வார்டே சிரித்தது. இவருக்கு டாக்டர் சொன்னது ஓய்வாக இரு என்று. இவர் விளங்கிக்கொண்டது பெண்டாட்டிக்கு ஆறுதலாக இரு என்று.

திருத்திச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். அடுப்படியில் அக்கா இடுப்பில் குடத்தோடு நின்றாள். எலும்பும் தோலுமாக, கறுப்பு வாந்தி எடுத்த மறுநாள், எண்பத்திரண்டு படி இறங்கித் தண்ணீர் எடுக்கப் போகிறாள். டாக்டர் அவளுக்கும்தான் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதை யார் கேட்டார்கள்? இந்த மனுசன் ஓய்வாகக் கதிரையில் சாய்ந்திருந்தால் சாவது யார் என்பது எனக்குத் தெரியும்.

"அவளுக்குத்தான். வேற யாருக்கு?" என்றேன்.

"எப்புடி இருக்குறது? எனக்கு அது பழக்கம் இல்லியே."

"அவ செய்ற வேலைய நீங்க செய்ங்க மச்சான். மொதல்ல போய்த் தண்ணியத் தூக்குங்க."

எழுந்து போய் அக்கா கையில் இருந்த குடத்தை வாங்கினார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது ஒன்றரை வருஷம். குடம் போய் மண்ணெண்ணெய் டின் வந்தது. இரண்டு டின்னைக் கயிற்றில் கட்டி, தோளில் தடி போட்டு, காலையில் மூன்று நடை ஏறுவார். விறகு கொத்துவார். அம்மியில் மிளகாய் அரைக்கக்கூடக் கற்றுக்கொண்டார், லயமே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. முதலாளி இரக்கப்பட்டு ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ் வருகிறதையும் போகிறதையும் குறிக்கிற வேலை கொடுத்தார். அதை முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வருவார். வந்தால் அக்காவின் வலது பக்கம்தான் உட்காருவார். இடது பக்கம் நின்று அவளோடு பேசியதே இல்லை.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது எங்கே போகும்? உத்தரியம் அப்போதும் ஆணிக்குப் போகும். ஒரு நாள் அக்கா எதற்கோ பதில் சொல்லவில்லை, வலது பக்கத்தில் இருந்து கேட்டும் சொல்லவில்லை, அவள் குணம் அது. மாட்டினார், திரும்பினார், கையை ஓங்கினார். நான் அரிவாள்மனையைக் கையில் எடுத்துவிட்டேன், இன்று இவரைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறேன் என்று வாயில் வந்ததைக் கத்தினேன். அவர் அந்தக் கையைக் கொண்டுபோய்க் கதவு நிலையில் அடித்தார். ஒரு தரம் இல்லை, ஐந்தாறு தரம். இரண்டு விரல் எலும்பு போனது. தோல் பிய்ந்து நிலையெல்லாம் இரத்தம். பிறகு அந்தக் கையாலேயே உத்தரியத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, டின்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார். டின்களில் தண்ணீர் நிறைந்துதான் இருந்தது. கீழே ஊற்றிவிட்டுப் போனார்.

அக்கா தேறினாள். வாந்தி நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டு நான் பக்கத்து வீடு என்று நினைத்தேன். நினைத்துப் பாருங்கள், கூடப் பிறந்தவளின் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் கழுத்து மட்டும் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போனது. காலையில் தலை இடிக்கிறது என்பார். ஒரு நாள் படியில் பாதி வழியில் டின்களை இறக்கி வைத்துவிட்டு, நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்குவது நாலு படி மேலே நின்ற எனக்குக் கேட்டது. வார்டு ஆயா நான். அது எங்கே போய் முடியும் என்று தெரியாதா? சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது.

"மெதுவா ஏறுங்க மச்சான்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"மெதுவாப் போனா அவ குடத்த எடுத்துருவா," என்றார். "டாக்டரு சொன்னபடிதான் செய்றேன். பாரு, இன்னும் இருக்கேன்ல."

சொல்லிவிட்டுத் தடியைத் தோளில் வைத்தார். நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க வார்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

கடைசி நாள் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து பைப்படியில் வரிசையில் நிற்கிறோம். நான் ஒரு வாளியோடு அவருக்குப் பின்னால். கீழ் லயத்துப் பையன் ஒருத்தன், இருபத்தைந்து வயதுத் தடியன், வரிசையை உடைத்துக்கொண்டு வந்து அவர் டின்னைக் காலால் தள்ளினான். என்னடா என்று கேட்டதற்கு, செவிட்டுப் பெண்டாட்டிக்குத் தண்ணீர் தூக்குகிற சண்டியரைப் பாருங்கள் என்று ஊருக்கே கேட்கச் சொன்னான். அவளைச் செவிடாக்கியதும் இவர்தானே என்றும் சொன்னான்.

அவர் கை கழுத்துக்குப் போனது. உத்தரியம் வெளியே வந்தது. உதட்டில் ஒற்றினார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். பேராதனைப் பாலத்துக் கதை தெரியாதவர்கள் மஹய்யாவயில் இல்லை. அந்தத் தடியனுக்கே முகம் வெளுத்துவிட்டது. இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆணி தேடுகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பைப்படியில் ஏது ஆணி? இரும்புக் குழாயும் பாசி பிடித்த சுவரும்தான். உத்தரியத்தைக் கையில் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றி நரம்பு துடித்த துடிப்பை என் விரலில் எண்ணியிருக்கலாம். பிறகு அதைத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார். கவிழ்ந்த டின்னை நிமிர்த்தினார். தண்ணீர் பிடித்தார். தூக்கினார்.

வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நான் பின்னாலேயே ஏறினேன். இன்னும் மூன்று படி இருக்கும்போது இரண்டு டின்னையும் ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கி வைத்தார். உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். முன்பக்கமாக விழுந்தார். கல்லில் முகம் மோதியது. புரட்டினேன். மூக்கில், வாயில், இரண்டு காதிலும் இரத்தம். அக்கா வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்தாரா இல்லையா, தெரியாது. கண் திறந்துதான் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளியை எடுத்துக்கொண்டு எழுபத்தொன்பது படி இறங்கி ஓடினேன். அந்தத் தடியன் இன்னும் அங்கேதான் நின்றான். அவன் மண்டையில் போட்டேன். விழுந்தான், விழுந்தவனையும் போட்டேன். வாளியின் அடி நசுங்கும் வரைக்கும் போட்டேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிடித்தார்கள். அவனுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தையல் போட்டார்கள். எனக்கு மூக்கில் இரத்தம் வரவில்லை, தலை இடிக்கவில்லை. அன்று நன்றாகப் பசித்தது.

அவரையும் அங்கேதான் கொண்டுபோனோம், சீட்டு எழுதி வாங்க. டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் இவரை ஆறுதலா இருக்கச் சொன்னனான். இருக்கேல்லையோ?"

"இருந்தாருங்க டாக்டர்," என்றேன். "ஒன்றரை வருசமா ஆறுதலாத்தான் இருந்தாரு."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மனுசனுக்காக நான் அழவில்லை. அவர் செய்ததற்கு அந்த ஒன்றரை வருஷம் எந்த மூலைக்குக் காணும்? ஆனால் திருத்திச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. எதையும் விழுங்கிப் பழக்கம் இல்லாதவள் நான். பல வருஷம் கழித்து, அக்காவுக்குத் தலை நரைத்த பிறகு, ஒரு மத்தியானம் அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். டாக்டர் அன்றைக்குச் சொன்னாரே, ஆறுதலா இரும் என்று, அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா அக்கா என்று தொடங்கினேன்.

அக்கா கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்திருந்த பலகையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, இடது காதை என் பக்கம் காட்டினாள்.

"இப்ப சொல்லு," என்றாள்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.